மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போய் மூச்சுக்கு வாங்கிய மெஷின்

தூங்கும்போது தொண்டை அடைக்காமல் காற்று அனுப்பும் சிபாப் மெஷினைப் பற்றித் தேடினால் பாதிக்கு மேல் குறட்டைப் பேச்சுதான் வருகிறது. விற்கிறவரும் அதையேதான் சொல்வார்: "மேடம், இன்னிக்கு ராத்திரியே குறட்டை நின்னுடும்." நிற்கத்தான் செய்கிறது. ஆனால் நான் இதை வாங்கியது குறட்டைக்காக இல்லை. ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் தொடங்கி இந்த மெஷின் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் போட்டுத்தான் தூங்குகிறேன். விலை, மாஸ்க், தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் எழுதுகிறேன். அதைவிட, என் மனசுக்கு இது என்ன செய்தது, எதைச் செய்யவில்லை என்பதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முக்கியமாக, என் வயதுப் பெண்கள் இதைப் படிக்க வேண்டும்.

திருநெல்வேலியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வயது 52. எடை 63 கிலோ, குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தைராய்டு மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்ற சமயத்தில் எனக்குள் ஏதோ கலைந்துபோனது. காலையில் எழும்போதே தலைவலி. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கின மாதிரி இருக்காது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பாதியில் அடுத்த வரி என்ன என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறேன். கால் நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு அது. பிள்ளைகள் ஒரு சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலே எப்படித் தப்பிப்பது என்று யோசிப்பேன். ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவதைப் பார்த்த என் மாமியார், "அமுக்குவான் அமுக்குது, தலைமாட்டுல இரும்பு வச்சுட்டுப் படு" என்றார். நானும் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு படுத்தேன்.

டாக்டர்களையும் பார்த்தேன். சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் எல்லாம் எடுத்தார்கள். அப்படித்தான் தொடங்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் மனசு மந்தமாகும். பி12 குறைந்தால் மறதியும் சோர்வும் எரிச்சலும் வரும். ரத்தசோகை இருந்தால் எதிலும் ஈடுபாடு இருக்காது. உடம்பில் இருக்கும் குறை மனசில் வந்து நிற்கும் என்பது டாக்டர்களுக்குப் புதிதில்லை. என் ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தது. "மெனோபாஸ், கூடவே டிப்ரஷன்" என்று ஒரு தனியார் கிளினிக்கில் எஸ்சிட்டலோப்ராமும், தூக்கத்துக்கு அல்பிரசோலமும் எழுதினார்கள். முதல் மாத்திரையால் அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டது. இரண்டாவதைப் போட்டால் தூக்கம் வந்தது, ஆனால் காலைத் தலைவலி இன்னும் மோசமானது. அந்தக் கிளினிக்கில் யாருமே ராத்திரி என் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கேட்டது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்த ஒரு டாக்டரம்மா. ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை முதலில் கொடுத்தார். பிஹெச்க்யூ 9 என்று பெயர், ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எனக்கு 17 வந்தது. தாளை வைத்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதுல பாருங்க டீச்சர், தூக்கம், அசதி, கவனம் இந்த மூணு கேள்வியிலயும் முழு மார்க் வாங்கியிருக்கீங்க. இந்த மூணும் டிப்ரஷன்லயும் வரும், தூக்கத்துல மூச்சு அடைச்சாலும் வரும்." அப்புறம் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ராத்திரி இவங்க எப்படித் தூங்குறாங்க சார்?" என்று கேட்டார். அவர், "நடுவுல மூச்சே கேக்காது மேடம். பயந்துபோய்த் தட்டுவேன். ஒரு பெரிய மூச்சு இழுத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குவா" என்றார். எத்தனையோ வருஷமாக அவர் அப்படித் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒரு நோய் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அல்பிரசோலத்தை அன்றே குறைக்க ஆரம்பித்தார் டாக்டரம்மா. அந்த வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும் என்பதும், அவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தூக்கப் பரிசோதனைக்கு மதுரை போனோம். "தலைக்கு எண்ணெய் வைக்காம, குளிச்சுட்டு வாங்க" என்று முதல் நாளே போன் பண்ணிச் சொன்னார்கள். ஏன் என்று அங்கே போனதும் புரிந்தது. மூளை அலையைப் பார்க்க உச்சந்தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுகிறார்கள், எண்ணெய் இருந்தால் ஒட்டாது. கண்ணோரம், தாடை, கால் என்று எல்லா இடத்திலும் ஒயர்கள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். இதோடு எப்படித் தூங்குவது என்றுதான் தோன்றும், ஆனால் தூங்கிவிட்டேன். இரண்டு மணி வாக்கில் டெக்னீஷியன் பெண் வந்து, பார்த்த வரைக்கும் போதும் என்று மாஸ்க்கை மாட்டிவிட்டார். பாதி ராத்திரி பரிசோதனை, மீதி ராத்திரி மெஷின் அழுத்தத்தைச் சரிபார்ப்பது என்று ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைப்பது, மணிக்கு 36 முறை என்று இருந்தது. மூச்சு குறைந்தபட்சம் 10 நொடி நின்றாலோ, நன்றாகக் குறைந்துபோனாலோ அது ஒரு முறை. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். கணக்கு டீச்சர் இல்லையா, உடனே வகுத்துப் பார்த்தேன். தொடர்ந்து இரண்டு நிமிஷம்கூட நான் ஒழுங்காக மூச்சு விடவில்லை. ஆக்சிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இது நடக்கும் விதத்தை டாக்டர் விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது. பேப்பர் ஸ்ட்ராவில் இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா நசுங்கி ஒட்டிக்கொள்ளுமே, அதுபோலத் தொண்டை உள்ளே ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடனே மூளை பதறி அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஒரு நொடி விழிப்பு வருகிறது, தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம். காலையில் இதெல்லாம் ஞாபகத்தில் இருக்காது. கனவு வரும் ரெம் தூக்கத்தில் தசைகள் முழுக்கத் தளர்வதால் அடைப்பு அப்போதுதான் கூடுதல், பெண்களுக்கு முக்கியமாக. மனசில் பட்டதையெல்லாம் மூளை ஆற வைக்கும் நேரமும் அந்தத் தூக்கம்தான் என்கிறார்கள். தூக்கம் கெட்ட மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா அளவுக்கு மீறிக் குதிக்கும், அதை இழுத்துப் பிடிக்கும் மூளை முன்பகுதியின் பிடி தளரும். எனக்கு இது பெரிய ஆறுதல். வகுப்பில் எரிந்து விழுந்தது என் குணம் மாறிப்போனதால் இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ராத்திரியில் அடிக்கடி பாத்ரூம் போனதற்கும் இதுவே காரணம். அடைத்த தொண்டையை மீறி மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறுகிறது, இதயம் விரிகிறது, உடம்பில் நீர் அதிகம் என்று நினைத்து அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீர் கூடுகிறது. சர்க்கரையோ என்று பயந்து எத்தனை முறை டெஸ்ட் எடுத்திருப்பேன்!

பெண்களுக்கு இது பிடிபடாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்கள் ஊரே கேட்கக் குறட்டை விடுவார்கள், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார்கள். பெண்களுக்கு அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி, மனச்சோர்வு என்று வெளியே தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் கூடுகிறது. எடை குறைவாக இருந்தாலும், சின்னத் தாடை உள்ளவர்களுக்கு வரலாம். நம் ஊரில் ஐம்பது வயதுப் பெண் அழுதாலும் கத்தினாலும் "மெனோபாஸ்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

சிபாப் செய்வது ஒரே வேலை: காற்றை ஒரு சீரான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை ஒட்டாமல் திறந்து வைப்பது. மருந்தும் இல்லை, ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை, அறையில் இருக்கும் காற்றுதான். 1981-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர்தான் இதை முதலில் செய்து காட்டினார். அதற்கு முன் தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வைத்தியமாக இருந்தது. என்னிடம் இருப்பது ஆட்டோ சிபாப், 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் அளவில்) அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். எனக்குப் பெரும்பாலும் 9, 10-இல் ஓடுகிறது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. பெயர் பெற்ற கம்பெனி மெஷின்கள் எல்லாம் இந்த வேலையை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன, வித்தியாசம் மாஸ்க்கில்தான். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரோடு மெஷின் 54,000 ரூபாய், மாஸ்க் தனியாக 6,800. மருத்துவக் காப்பீட்டில் ஒரு ரூபாய் வரவில்லை. தரமாட்டோம் என்ற பொருள்களின் பட்டியல் பாலிசியிலேயே இருக்கிறது, அதில் சிபாப் பெயரும் உண்டு. உயிரோடு சம்பந்தப்பட்ட கருவியை ஏன் அந்தப் பட்டியலில் வைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப்பேர் மெஷினை மூலையில் வைப்பது அதனால்தான். நான் வாங்கிய இடத்தில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைக் கொடுத்து, "எல்லாருக்கும் இதுதான் மேடம்" என்றார்கள். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுப் படுப்பது கொடுமை. கன்னமெல்லாம் வேர்த்து, மாஸ்க் வழுக்கி, காற்று கண்ணுக்குள் அடித்தது. ஏற்கெனவே படபடப்பு உள்ளவளுக்கு வாயையும் மூக்கையும் மூடினால் எப்படி இருக்கும்? நடு ராத்திரி பிடுங்கி எறிந்திருக்கிறேன். மாற்றித் தரச் சொன்னால், கவரைப் பிரித்துவிட்டீர்கள், முடியாது என்றார்கள். அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவே இல்லை.

மதுரையில் டெஸ்ட் எடுத்த டெக்னீஷியன் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். வரச் சொல்லி, படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, வேறு வேறு மாஸ்க்கை மாட்டிப் பார்க்கவைத்தார். மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு பார்த்து வாங்கக் கூடாது, படுத்து, ஒருக்களித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம். மூக்கு நுனிக்குக் கீழே மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் எனக்குச் சரியாக வந்தது. ஆனால் அதிலும் ஒரு இடைஞ்சல், என் மூக்குத்தி. உள்பக்கத் திருகு குத்தியது, அந்தப் பக்கமாகக் காற்றும் கசிந்தது. கழற்றிவைக்க மாமியாருக்கு மனசில்லை, எனக்கும்தான். ஆசாரியிடம் கொடுத்து உள்திருகைத் தட்டையாக மாற்றிக்கொண்டேன், கசிவு நின்றது. கொண்டையும் அப்படித்தான். பின்தலையில் வார் உட்கார வேண்டிய இடத்தில் கொண்டை இருந்தால் மாஸ்க் மேலே ஏறிவிடும். இப்போது தளர்வாகப் பின்னி, சடையை வாருக்கு வெளியே முன்பக்கம் போட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் கம்பெனிப் புத்தகத்தில் எங்கே எழுதியிருக்கிறார்கள்? அதில் இருக்கும் படங்களில் மூக்குத்தி போட்ட பெண் யாரும் இல்லை.

மாஸ்க் என்றாலே பயம் வருகிறவர்களுக்கு என்னுடைய வழி இது. பகலில் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அப்புறம் வாரோடு. அப்புறம் மெஷினை ஓடவிட்டு. படுக்கையில் முதல்முதலாகப் பழகினால் படுக்கையே பயமாகிவிடும். ராம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது, 4-இல் தொடங்கி மெதுவாக அழுத்தம் ஏறும். அதை 20 நிமிஷத்துக்கு வைத்தால் ஏறுவது தெரிவதற்குள் தூங்கிவிடலாம்.

ஹியூமிடிஃபயருக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், அது மூச்சில் போவதற்காகத் தயாரித்தது இல்லை. மருந்துக்கடையில் சொல்லிவைத்தால் கேனில் வரவழைத்துத் தருவார்கள். மீதித் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவி நிழலில் கவிழ்க்க வேண்டும். ஏசி போட்டுக்கொண்டு ஈரப்பதத்தை ஏற்றி வைத்தால் குழாய்க்குள் தண்ணீர் கோத்து மூக்கில் தெறிக்கும், குழாயைப் போர்வைக்குள் விட்டால் தெறிக்காது. ஆனி ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் ஜன்னல் வழியாகச் செம்மண் தூசி வரும். மற்ற மாதங்களில் வெள்ளையாக இருக்கும் ஃபில்டர் அப்போது சீக்கிரமே பழுப்பாகிவிடுகிறது. கருத்ததும் மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

கரண்ட் போனால்? என் மெஷினின் அடாப்டர் 24 வோல்ட், 90 வாட். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது. மின்தடை நீளும் என்று தோன்றினால் ஹியூமிடிஃபயரை அணைத்துவிடுவேன், சூடேற்றத்தான் கரண்ட் அதிகம் போகிறது. சத்தம் பற்றிப் பயப்பட வேண்டாம், ஃபேன் ஓடினால் கேட்பதில்லை. எடை ஒன்றரைக் கிலோவுக்குள், வெளியூருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

இப்போது மனசுக்கு வருகிறேன். முதல் ராத்திரியே புது மனுஷி ஆனேன் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. முதலில் போனது காலைத் தலைவலி. கூடவே ராத்திரி பாத்ரூம் போவது நின்றது. மதியம் நாலாவது பீரியடில் கண் சொருகுவது அடுத்து. மறதி அதற்கப்புறம். முன்பு ஒரே விடைத்தாளை இரண்டு முறை படித்து மார்க் போட்டவள், இப்போது ஒரு கட்டு விடைத்தாளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன். கோபம் குறைய இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பின்ன அடுக்கு விளங்கவே இல்லை. மூன்றாம் தடவையாக, வேறு ஒரு வழியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண், "மிஸ், நீங்க இப்ப திட்டுறதே இல்ல" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், ஆனால் பழைய அழுகை இல்லை அது.

அடுத்த முறை அந்த ஒன்பது கேள்வித் தாளில் 17 என்பது 7 ஆகியிருந்தது. மெஷின் திரையில் காட்டும் கணக்கில் மணிக்கு 36 என்பது இப்போது 2, 3. ஒரு தடவை கோவில்பட்டியில் கல்யாணத்துக்குப் போனபோது மெஷினைக் கொண்டுபோகவில்லை. இரண்டாம் நாள் காலையே பழைய தலைவலி, யார் எது கேட்டாலும் சுள்ளென்று வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் ஒன்றைக் கூட்டிச் சொல்லவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. எஸ்சிட்டலோப்ராம் இன்னும் சாப்பிடுகிறேன், அளவு மட்டும் பாதியாகக் குறைந்தது. அதையும் டாக்டரம்மாதான் குறைத்தார். மெஷின் வந்துவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தே ஒருவருக்கு இருக்கலாம், ஒன்றை ஒன்று வளர்க்கவும் செய்யும். என் அம்மா போன துக்கம் இந்த மெஷினால் போகவில்லை. முன்பு அந்தத் துக்கத்தோடு எழுந்திருக்கவே தெம்பு இருக்காது. இப்போது துக்கமும் இருக்கிறது, எழுந்து காபி போடவும் முடிகிறது.

ஆராய்ச்சிகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த சேவ் என்ற ஆய்வு, இந்த நோயோடு ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ இருந்த 2,717 பேரை வைத்து நடந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சிபாப்பால் குறையவில்லை என்றுதான் அதில் வந்தது. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அவர்கள் ஒரு ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். மாரடைப்பைத் தடுக்கும் என்று சொல்லி இதை விற்றால் நம்பாதீர்கள். மனசுக்கு நல்லது என்று யாரும் விற்பதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தூக்கப் பரிசோதனை இல்லாமல் மெஷின் வாங்காதீர்கள், குறட்டை விடுகிற எல்லாருக்கும் இந்த நோய் இல்லை. டாக்டர் சிபாப் என்று எழுதியிருந்தால் கடையில் பைபாப்புக்கு ஏற்றிவிடப் பார்த்தாலும் மசியாதீர்கள், அது வேறு தேவைக்கான மெஷின், விலையும் அதிகம். பழைய மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்குவதென்றால் ஜாக்கிரதை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது, சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரை பொடிந்து மூச்சில் போகலாம் என்பதால். பழைய சரக்காக வருவது அந்த வரிசை மெஷினா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எடை கூடுதலாக உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் நோயும் குறையும். அதற்கான டிர்செபடைட் ஊசிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. என் எடைக்கு அது பொருந்தாது.

தாங்க முடியாத மனச்சோர்வில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தூக்கப் பரிசோதனைக்கு நாள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அல்லது மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நேராகப் போங்கள். போகும்போது உங்கள் பக்கத்தில் படுக்கிறவர் யாரோ, அவரையும் கூட்டிப்போங்கள். தனியாகத் தூங்குகிறவர் என்றால் ஒரு ராத்திரி போனில் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மெஷினுக்கு நாலரை. அரை மார்க் விலைக்காகக் குறைத்தேன். முதலில் கொடுத்த மாஸ்க்குக்கு ஒன்று, இப்போது போடும் மாஸ்க்குக்கு ஐந்து. மாத வாடகைக்கும் மெஷின் கிடைக்கிறது, முன்பணம் வாங்கிக்கொண்டு தருகிறார்கள். ஒத்துவருமா என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு மாதம் வாடகைக்கு எடுங்கள், மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிகான் மெத்தை தளர்ந்து காற்று கசிய ஆரம்பித்தால் முழு மாஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும். அளவு எஸ்ஸா எம்மா என்பதைப் பழைய மெத்தையின் ஓரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.